உள்பக்கத் தாழ்ப்பாள்

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிக்கிடலாமா தம்பி? முழுசா வேண்டாம், பாதி போதும். எனக்கு வெயில் ஆகாது. கண்ணில் தண்ணி கோத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கிறவங்க கிழவன் அழுகிறான் என்று நினைத்துக்கொள்வாங்க. அழுகையெல்லாம் இல்லை. காலமெல்லாம் மஞ்சள் லைட்டில் இருந்த கண், அவ்வளவுதான்.

கண்டக்டரிடம் தென்காசிக்கு டிக்கெட் வாங்கிவிட்டு உங்களிடம் புளியங்குடி போகிறேன் என்று சொன்னேனே, அதைத்தானே பார்க்கிறீங்க? கவனமான ஆள்தான் நீங்க. அது ஒன்றுமில்லை. வழியில் கண் அசந்துவிட்டால்? புளியங்குடியைத் தாண்டி டிக்கெட் இல்லாமல் பிடிபடக்கூடாது இல்லையா. எதிலும் ஒரு முன்ஜாக்கிரதை வேண்டும். நம் தொழில் அப்படி.

சிவகாசிதான். வெடி இல்லை தம்பி, சிவகாசி என்றாலே எல்லாரும் வெடி என்று நினைத்துவிடுகிறாங்க. பிளேட். சாப்பாட்டுப் பிளேட் இல்லை, அச்சுக்குப் போகிற பிளேட். உங்க வீட்டில் தொங்குகிற காலண்டரில் முருகன் இருக்கிறாரே, அவர் பேப்பரில் இறங்குவதற்கு முன்னாடி ஒரு அலுமினியத் தகட்டில் இறங்குவார். அந்தத் தகட்டில் இறக்குகிற வேலை எங்களுடையது. அச்சு மெஷின் எங்களிடம் கிடையாது. பிரஸ்காரங்க படம் கொடுப்பாங்க, நாங்க பிளேட் போட்டுக் கொடுப்போம். தங்கப்பழம் பிளேட் கடை என்றால் ரத வீதியில் எல்லாருக்கும் தெரியும். தங்கப்பழம் நான்தான்.

தகட்டின் மேல் ஒரு பூச்சு இருக்கும். பச்சையா, மயில்கழுத்து மாதிரி. அந்தப் பூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிச்சம் படாத வரைக்கும் குத்துக்கல் மாதிரி கிடக்கும். வெளிச்சம் பட்டுவிட்டதோ, பட்ட இடம் இளகிப்போகும். மருந்துத் தண்ணியில் போட்டுக் கழுவினால் இளகினது ஓடிவிடும், மிச்சம்தான் படம். மை படத்தில் பிடிக்கும், வெறும் தகட்டில் தண்ணிதான் பிடிக்கும். கடைசியில் கோந்து தடவி வைக்கணும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் நாம் விரும்புகிற இடத்தில் மட்டும் வெளிச்சம் விழணும். வேறெங்கே ஒரு இடுக்கு வழியாக வந்தாலும் சரி, கதவுச் சந்தில் நூலளவு வந்தாலும் சரி, பிளேட் செத்தது. அதனால்தான் மஞ்சள் லைட். மஞ்சள் வெளிச்சம் மட்டும் அந்தப் பூச்சின் கண்ணுக்குத் தெரியாது. சன்னல் கிடையாது, பொந்து கிடையாது, வாசலில் கறுப்புத் திரை. உள்ளே வெள்ளையடித்த சுவர், அதில் மஞ்சள் கண்ணாடிக் காகிதம் சுற்றின டியூப்லைட்.

கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியில் வைத்தேன். ஏன் உள்ளே வைக்கவில்லை என்று கேட்கிறீங்க. நல்ல கேள்வி. உள்ளே இருக்கிறவள் பொம்பளை. யாராவது தட்டினால், "அவசரம், பிளேட் எடுங்க" என்று கத்தினால், பதறித் திறந்துவிடுவாள். பிரஸ்காரன்கள் கதவைப் பிய்க்கிற ஜாதி. வெளியே நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து ரெண்டு தட்டு தட்டினால் பிளேட்டெல்லாம் மூடியாச்சு என்று அர்த்தம். நான் திறப்பேன். என் சம்சாரம் செல்லக்கனி காலமெல்லாம் அப்படித்தான் இருந்தாள். ஒரு நாள், ஒரு பொழுது, முகம் சுளித்ததில்லை. சாயங்காலம் வெளியே வந்தால் கையைக் கண்ணுக்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பாள். "என்னத்தப் பாக்க?" என்பேன். "எல்லாம் நீலமா இருக்குங்க" என்பாள். மஞ்சளிலேயே கிடந்த கண்ணுக்கு வெளி வெளிச்சம் அப்படி. அவ்வளவுதான். போய் அரிசி களைய ஆரம்பித்துவிடுவாள். அந்த மாதிரி பொம்பளை இனிமேல் பிறக்கணும்.

அவள் கண்ணை மூடினபின் மருமகள் உட்கார்ந்தாள். கோமதி. புளியங்குடிப் பெண். அவங்க அப்பாவுக்கு எலுமிச்சைத் தோட்டம். தோட்டத்திலேயே வளர்ந்தவள். என் மகன் கனிராஜ் முன்கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வான், இவள் உள்ளே பிளேட். வீட்டு ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு? மாமியார் உட்கார்ந்த இடம். யாருக்குக் கிடைக்கும்? பெற்ற மகளாக இருந்தால்கூடக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பேன். இவளை வேறெங்கேயும் அனுப்பவே இல்லை, என் கூடவே வைத்துக்கொண்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். நான் வெளியே இருந்தபடியே எல்லாம் கேட்பேன். எனக்குப் படிப்பு கிடையாது தம்பி, காது உண்டு. தகட்டை உறையிலிருந்து உருவுகிற சத்தம், மருந்துத் தொட்டி அலம்புகிற சத்தம், பஞ்சால் கோந்து இழுக்கிற சத்தம். பஞ்சு கொஞ்சம் வறண்டிருந்தால்கூட, "கோமதி, தண்ணி தொட்டுக்கோ" என்று இங்கேயிருந்தே சொல்வேன். "சரி மாமா" என்பாள். நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்குச் சொல்கிறேன்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். "மாமா, அந்த மேற்குச் சுவர்ல சின்னதா ஒரு சன்னல் வச்சுக் குடுங்களேன். பிளேட் வேலை இல்லாத நேரம் திறந்துக்கிடுதேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ சினிமாக் கொட்டகையில சன்னல் பாத்திருக்கியா தாயி?" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது, கதவு மூடியிருந்ததால் முகம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டால் மறு தடவை கேட்கமாட்டாள், நல்ல வளர்ப்பு.

ராஜபாளையம் தாண்டிவிட்டோமா? மலை தெரிகிறதா அந்தப் பக்கம்? இருக்கட்டும், இருக்கட்டும், ஷட்டரைத் தூக்க வேண்டாம். நான் பார்த்ததுதான்.

ஒரு வேடிக்கை கேளுங்க. சம்பந்தி வரும்போதெல்லாம் ஒரு சாக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவருவார். ஒரு நாள் இவள் மடியில் ஒரு பழத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் பேத்தி தர்ஷினி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவிடம் போகணும் என்று அடம். சரியென்று ரெண்டு பேருமாக உள்ளே போனோம். மேசையில் அந்தப் பழம். பேத்தி, "தாத்தா, அம்மா முட்ட வச்சிருக்கா" என்கிறாள். முட்டைதான்! அசல் கோழி முட்டை! மஞ்சள் லைட்டில் மஞ்சளுக்கு நிறம் கிடையாது தம்பி. வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுதான். கோமதி அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "வாசன மட்டும்தான் எலுமிச்ச" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முட்டை! அவளைப் பார்த்து, "அவிச்சுத் தின்னுராத தாயி" என்றேன்.

அதற்கப்புறம் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

அதுதான் விஷயம். எனக்குத் தெரியாத சத்தம். சர்... சர்... என்று. பிளேட் வேலை ஓய்ந்த நேரத்தில்தான் வரும். சுவரை யாரோ பிறாண்டுகிற மாதிரி. "கோமதி, என்ன சத்தம்?" என்பேன். நின்றுவிடும். "ஒண்ணுமில்ல மாமா." கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப, சர்... சர்... எலி என்று முடிவு பண்ணினேன். பிளேட் உறைக்குள் எலி புகுந்தால் என்ன ஆகும்? கடைக்குப் போய்ப் பெரிய எலிப்பொறியாக வாங்கிவந்து, மசால்வடையை மாட்டி, நானே உள்ளே வைத்தேன். "மாமா, எலியெல்லாம் இல்ல" என்றாள். "உனக்குத் தெரியாது, எனக்குக் காது இருக்கு" என்றேன். பொறி விழவே இல்லை. வடை மட்டும் நாளுக்கு நாள் காய்ந்தது. ஒரு நாள் வடையையும் காணோம். கேட்டால், "பசிச்சது மாமா" என்கிறாள். நான் சாப்பாட்டுக்குக் கதவு திறக்க மறந்துபோன நாள் அது. பிரஸ்காரன் ஒருத்தன் வந்து பேசிக்கொண்டே டீக்கடைக்கு இழுத்துப் போய்விட்டான். தட்டியிருக்கிறாள். காதுள்ளவன் அங்கே இல்லையே. வேண்டுமென்றா செய்தேன்?

அதே நேரத்தில் இன்னொரு தொல்லை. பேத்தியின் கலர் பென்சில் டப்பாவில், மெழுகுப் பென்சில் இருக்கிறதே, அதில் மஞ்சள் மட்டும் காணாமல் போகும். சிவப்பு இருக்கும், நீலம் இருக்கும், மஞ்சள் இருக்காது. "தாத்தா, மஞ்சள் தீந்துபோச்சு." "நீ என்ன மஞ்சளத் திங்கியா புள்ள?" என்று திட்டிக்கொண்டே புது டப்பா வாங்கித் தருவேன். திரும்ப மஞ்சள் தீர்ந்துவிடும். பேத்திக்கு நான் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. எத்தனை டப்பா வாங்கினேன் என்று எனக்கே நினைவில்லை.

இதற்கு நடுவில் புது மெஷின் வந்தது. மகன் பிடிவாதமாக வாங்கினான். கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்டில் லேசரால் எழுதும். பழையபடி பிளேட் மேலே படச்சுருள் வைத்து வெளிச்சம் காட்ட வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பிளேட்டும் வேறு. பூச்சும் வேறு. பூட்டிக் கொடுக்க வந்தவன், நரேன் என்று ஒரு மதுரைப் பையன், அவன் சொல்கிறான்: "அண்ணாச்சி, இந்தப் பூச்சு வெளிச்சத்துக்கு அசையாது. சூட்டுக்குத்தான் அசையும். லேசர் சுடுற இடம் மட்டும்தான் மாறும். இனிமே உங்களுக்கு மஞ்சள் லைட்டே வேண்டாம். சாதா லைட்டு போட்டுக்கிடுங்க, கதவத் திறந்தே வச்சுக்கிடுங்க."

கோமதி அப்போது அங்கேதான் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் லைட்டில் முகம் தெரியும், முகத்தில் இருக்கிறது தெரியாது.

நான் அவனிடம் கேட்டேன். "தம்பி, வெயில் சுடுமா சுடாதா?" "சுடும் அண்ணாச்சி." "அப்ப வெயிலும் சூடுதான?" அவன் தலையைச் சொறிந்தான். "அது வேற சூடு அண்ணாச்சி" என்று என்னமோ சொன்னான். வேற சூடாம்! சூட்டில் என்னய்யா என் சூடு, உன் சூடு? விற்கிறவன் ஆயிரம் சொல்வான். பிளேட் செத்தால் பிரஸ்காரன் என் சட்டையைத்தானே பிடிப்பான்? மகன்கூட, "அப்பா, ஊர் பூராம் வெள்ள லைட்லதான் போடுறாங்க" என்றான். "ஊர் போடட்டும்" என்றேன். மஞ்சள் லைட் இருக்கட்டும், கதவு இருக்கட்டும். இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லையே? மெஷினுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்றான், உடனே ஏசி போட்டேன். எந்த மாமனார் தம்பி மருமகளுக்கு ஏசி போட்டுக் கொடுப்பான்?

ரெண்டு வருஷம் அப்படி ஓடிற்று. ஒரு பிளேட் செத்ததில்லை. அதை நினைத்துப் பாருங்க.

போன பங்குனியில் அவங்க ஊர்க் கோயில் கொடைத் திருவிழா. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனாள். கொடை முடிந்தது, வரவில்லை. போன் போட்டேன். "வாரேன் மாமா" என்றாள். வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்லை. மகனை அனுப்பினேன், போய்க் கூட்டிக்கொண்டு வாடா என்று. போனான். அவனும் இன்னும் கூட்டிக்கொண்டு வரவில்லை. சீசன் நேரம், எலுமிச்சை மார்க்கெட்டில் மாமனாருக்குக் கூடமாட நிற்கிறான் போல. இரக்க சுபாவம், என்னை மாதிரி. வந்துவிடுவான். கம்ப்யூட்டரை உறை போட்டு மூடித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் அவனோடு போனில் பேசும்போது பின்னாடி ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம். பாத்திரம் உருண்ட மாதிரி கலகலவென்று. "யாருடா அது, பக்கத்து வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டேன். "அப்பா, அது கோமதிப்பா" என்றான்.

என் காதுக்குத் தெரியவில்லை தம்பி. பஞ்சு வறண்டால் தெரிகிற காதுக்கு.

சரி. கேளுங்க. மெஷின் சும்மா கிடக்கிறதே என்று நரேனைக் கூப்பிட்டேன், வந்து பார்த்துவிட்டுப் போ என்று. வந்தான். மெஷினின் வயிற்றைத் திறந்தான். "அண்ணாச்சி, இந்த வெளிச்சத்துல வயர்க் கலரே தெரியல" என்று சொல்லிக்கொண்டே, என்னைக் கேட்காமலே, ஸ்டூலில் ஏறி டியூப்லைட்டில் சுற்றியிருந்த மஞ்சள் காகிதத்தை உருவிவிட்டான். அந்த ரூமில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது அன்றைக்குத்தான்.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அப்படியே நின்றான். "அண்ணாச்சி, இது யார் வரைஞ்சது?" என்றான்.

சுவர் பூராவும். மஞ்சள் மெழுகுப் பென்சிலில். ஒரு சன்னல் இல்லை தம்பி, சன்னல் சன்னலாக. எல்லாம் திறந்து கிடக்கிற சன்னல். ஒன்றில் எலுமிச்சை மரம், காயும் பூவுமாக. ஒன்றில் கிணறு. ஒன்றில் மலை, மலைக்கு மேலே மேகம். ஒன்றில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறது, பையும் கையுமாக. நான் கதவு திறக்கும்போதெல்லாம் எதிரே தெரிகிற சுவர் அது. சாப்பாடு கொடுக்கும்போது பார்த்த சுவர். எலிப்பொறி வைத்த சுவர்! பொறிக்கு மேலேயே ஒரு சன்னல், அதில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டு.

இதில் என்ன கூத்து என்றால், வரைந்தவளுக்கும் அது தெரிந்திருக்காது. அந்த லைட்டில் அவளுக்கு மட்டும் தெரியுமா? குருடி மாதிரி கையால் தடவித் தடவித்தான் போட்டிருக்கணும். ஒரு கோடு பிசகவில்லை. யார் பார்ப்பதற்கு? எனக்கு அதுதான் விளங்கவில்லை. வெள்ளையடிக்கச் செலவு, அதை யோசித்தாளா?

"அண்ணாச்சி, கதவப் பாருங்க" என்றான் நரேன்.

கதவின் உள்பக்கமும் வெள்ளைதான். திறந்தால் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும், யாரும் பார்க்கிற இடமில்லை. அவன் மூடினான். அங்கே ஒரு தாழ்ப்பாள். உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது என்றேன் இல்லையா? வரைந்திருக்கிறாள். அச்சு அசல். கொண்டி, திருகாணி, கைபிடிக்கிற குமிழ். கை எட்டுகிற உயரத்தில், எங்கே இருக்கணுமோ அங்கே. சன்னலெல்லாம் ஒரு தடவை போட்டதுதான். இது மட்டும் மேலே மேலே போட்டு, போட்டுப் போட்டு, மெழுகு தடித்துப்போய்க் கையில் தட்டுகிற மாதிரி இருந்தது. தினமும் போட்டிருப்பாள் போல.

வரைந்த தாழ்ப்பாளை வைத்து என்ன செய்ய முடியும்? திறக்குமா?

இழுத்துப் பார்த்தேன். ஆமாம், நான்தான். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். விரலெல்லாம் மெழுகு. ராத்திரி சோறு பிசைந்தபோதுகூட மஞ்சள் போகவில்லை.

சிரிக்காதீங்க. சிரிக்கவில்லையா? சரி.

நான் என்ன கல்நெஞ்சக்காரனா? புரிந்துகொண்டேன். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டேன். மேற்குச் சுவரை இடித்துச் சன்னல் வைத்தாச்சு. தேக்குக் கட்டை. அவள் கேட்டதைவிடப் பெரியதாக. கண்ணாடியில் அந்த மஞ்சள் காகிதத்தையே ஒட்டியிருக்கிறேன், இருக்கட்டும் என்று. வெளியே பார்த்தால் எல்லாம் தெரியும். மரம், ரோடு எல்லாம். கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதானே. திறக்க முடியாதபடி நாலு பக்கமும் அடித்துவிட்டேன், தூசி வந்தால் மெஷினுக்கு ஆகாது.

இந்தப் பையைத் திறந்து காட்டட்டுமா? தூக்கிப் பாருங்க. பித்தளை. நல்ல கனம். உள்பக்கம் போடுவதற்கு. அவள் வரைந்திருந்த அதே மாதிரி குமிழ் தேடி, சிவகாசியில் கிடைக்காமல் விருதுநகர் வரைக்கும் போய் வாங்கினேன். கதவில் அடிக்காமல் கையோடு கொண்டுவந்தது எதற்கு என்றால், அவள் கையில் கொடுத்து, "பாரு தாயி, மாமா வாங்கிட்டேன், நீயே எந்த இடம்னு சொல்லு" என்று சொல்லத்தான். சந்தோஷப்படுவாளா மாட்டாளா, நீங்களே சொல்லுங்க.

வெளித் தாழ்ப்பாளா? அதை ஏன் எடுக்கணும்? அது வெளியில்தானே இருக்கிறது. இது உள்ளே, அது வெளியே. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஏன் தம்பி, அதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறீங்க?

ஒன்று சொல்லட்டுமா. இப்போது கடையில் நான் மட்டும்தான். காலையில் போவேன், ஸ்டூலில் உட்காருவேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் உட்காருவேன். பழக்கம். சத்தமே இல்லை. ஒரு சர்கூட இல்லை. போன வாரம் ஒரு நாள், சும்மா, உள்ளே போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது. சாத்தினதுதான், தாழ்ப்பாள் விழவில்லை, தள்ளினால் திறக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ரெண்டு தட்டு தட்டினேன். தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது திறப்பாங்க என்று.

டீக்கடைக்காரப் பையன் கிளாஸ் எடுக்க வந்தபோதுதான் திறந்தான்.

என்ன, நிற்கிறதா? எந்த ஊர்? கண்டக்டர் என்ன கத்துகிறார்? புளியங்குடியா? அதற்குள்ளாகவா?

எலுமிச்சை வாசனை வருகிறதே. மார்க்கெட் ரோட்டோரம்தான். உங்க பக்கம்தான் தெரியும். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, கட்டம்போட்ட சட்டையில், ஒல்லியாக, மூட்டைப் பக்கத்தில் ஒருத்தன் நிற்கிறானா? என் மாதிரி மூக்கு இருக்கும். நிற்கிறானா? வெயிலிலா? தலையில் துண்டுகூட இல்லாமலா? பக்கத்தில் யாரு? பொம்பளையா? மஞ்சள் சேலையா? உங்களுக்கு நன்றாகத் தெரிகிறதா, மஞ்சள்தானா?

சிரிக்கிறாங்களா.

இல்லை, இல்லை, கூப்பிட வேண்டாம். கையைக் காட்ட வேண்டாம் தம்பி, சொன்னால் கேளுங்க. வியாபார நேரம். இப்போது போய் நின்றால் பழம் பார்ப்பாங்களா, என்னைப் பார்ப்பாங்களா? தென்காசி போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது இறங்கிக்கொள்கிறேன். போன தடவையும் அப்படித்தான் நினைத்தேன், திரும்பும்போது இருட்டிவிட்டது. இன்றைக்கு நேரம் இருக்கிறது. அதற்குத்தானே டிக்கெட்டு. முன்ஜாக்கிரதை என்று சொன்னேன் இல்லையா?

பையை இப்படிக் கொடுங்க. கனமாக இருக்கும், என் மடியிலேயே இருக்கட்டும்.

அந்த ஷட்டரை முழுசா இறக்கிவிடுங்க. இன்னும் கொஞ்சம். கீழே இடுக்கு இருக்கு பாருங்க, அது வழியாக வருகிறது. அமுக்குங்க தம்பி. அவ்வளவு இடுக்கு போதும், எல்லாத்தையும் கெடுத்துரும்.